வேலை நேரத்தில் வேகம், சும்மா நேரத்தில் சிக்கனம்: டெஸ்க்டாப் பிராசசரை ஓவர்கிளாக் செய்யும் முறை

ஓவர்கிளாக் (பிராசசரைத் தொழிற்சாலை வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யப் போகிறேன் என்றால் முதலில் கிடைக்கும் அறிவுரை, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அமைப்பு மென்பொருள்) இருக்கும் மின்சேமிப்பு வசதிகளை எல்லாம் அணைத்துவிடு என்பதுதான். பழைய பிராசசர்களுக்கு அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய பிராசசரில் அப்படிச் செய்தால், பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்திலும் கம்ப்யூட்டர் முழு வேகத்தில், முழு வோல்டேஜில் நின்றுகொண்டிருக்கும். பாளையங்கோட்டையிலோ மேலப்பாளையத்திலோ ஏசி இல்லாத மாடி அறையில் சித்திரை, வைகாசி மாதங்களில் 36 டிகிரி சாதாரணம். வீணாகும் ஒவ்வொரு வாட்டும் அந்த அறைக்குள்தான் வெக்கையாக இறங்கும்.

வோல்டேஜை ஒரே இடத்தில் பூட்டக் கூடாது, சி-ஸ்டேட்டுகளை (வேலை இல்லாத கோர்கள் இறங்கும் தூக்க நிலைகள்) அணைக்கக் கூடாது. இந்த இரண்டையும் காப்பாற்றினால் வேகமும் சிக்கனமும் ஒரே பெட்டியில் கிடைக்கும். அதற்கு விலையாகச் சோதனை வேலை கூடும். அதைப் பின்னால் விரிவாகவே சொல்லியிருக்கிறோம்.

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

கல்யாண வீடியோ எடிட் செய்து ரெண்டர் போடுகிற ஸ்டுடியோக்காரர், பிளெண்டர் ஓட்டுகிற மாணவர், பெரிய புரோகிராம்களை கம்பைல் செய்கிறவர் ஆகியோருக்கு இதில் பலன் உண்டு. ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், பில் போடும் கம்ப்யூட்டர் என்றால் வேகத்தைத் தொடவே வேண்டாம். கீழே வரும் மின்சேமிப்புப் பகுதியை மட்டும் செய்தால் போதும்.

எதிர்பார்ப்பைக் கணக்கோடு வைத்துக்கொள்வது நல்லது. பிராசசர் இழுக்கும் மின்சக்தி வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். 4.5 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் ஓடுவதை 4.8-க்கும் 1.30 வோல்ட்டுக்கும் ஏற்றினால் வேகம் 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும், மின்சக்தி 25 சதவீதம் கூடும். 5.0-க்கும் 1.38 வோல்ட்டுக்கும் போனால் வேகம் 11 சதவீதம், மின்சக்தி 47 சதவீதம். கடைசி 200 மெகாஹெர்ட்ஸ்தான் எப்போதும் பணத்தைத் தின்னும். எங்கள் பரிந்துரை, அதை விட்டுவிடுங்கள்.

சும்மா நேரத்துக் கணக்கு வேறு. தவறான அமைப்பால் 30 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வைப்போம். தினம் 10 மணி நேரம், 60 நாள் என்றால் 18 யூனிட். நம் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு எடுக்கிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும் என்பதால், எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இந்த 18 சின்ன எண் இல்லை.

கையில் இருப்பது ஓவர்கிளாக் ஆகுமா?

இன்டெல் என்றால் பிராசசர் பெயர் கே, கேஎஃப் அல்லது கேஎஸ் என்று முடிய வேண்டும், மதர்போர்டு இசட் வரிசை சிப்செட்டாக இருக்க வேண்டும் (இசட்490, இசட்690, இசட்790 போல). பி660 போர்டில் கே பிராசசரைப் போட்டால் ஓடும், மல்டிபிளையரை (வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்) தொட முடியாது. ஏஎம்டி ரைசன் பெரும்பாலும் திறந்தே வரும். பி450, பி550, பி650, எக்ஸ் வரிசை போர்டுகள் சரி. ஏ320, ஏ520 போர்டுகளில் பிராசசர் ஓவர்கிளாக் கிடையாது. பழைய சாமான் வாங்கும்போது கடை அண்ணாச்சியிடம் பிராசசர் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், போர்டின் சிப்செட்டையும் கேளுங்கள்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை கே பிராசசர் வைத்திருந்தால் ஒரு நிபந்தனை. அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டு நாளடைவில் சிப்பே பழுதாகும் குறை அவற்றில் இருந்தது. இன்டெல் 2024-இல் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. 2024 இறுதிக்குப் பிறகு வந்த பயாஸைப் போடாமல் அவற்றில் எதையும் தொடாதீர்கள்.

இவை போக 120 மில்லிமீட்டர் ஃபேன், நான்கு ஹீட் பைப் உள்ள டவர் கூலர் ஒன்று, ஆக்டிவ் பிஎஃப்சி (மின்திறன் காரணியைத் திருத்தும் சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி), பிளக்கில் செருகும் வாட் மீட்டர். பெட்டியோடு வரும் கூலரை வைத்துக்கொண்டு நெல்லை வெயிலில் ஓவர்கிளாக் செய்யாதீர்கள். சாஃப்ட்வேரில் அளக்க எச்டபிள்யூஇன்ஃபோ, சோதிக்க சினிபெஞ்ச் ஆர்23, ஓசிசிடி, கோர்சைக்கிளர் போதும்.

முதல் வேலை: இப்போதைய நிலையைக் குறித்து வைத்தல்

பயாஸைப் புதுப்பித்து, டீஃபால்ட் அமைப்புகளை ஏற்றுங்கள். மெமரியின் எக்ஸ்எம்பி (மெமரியை அதன் விளம்பர வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இப்போதைக்கு வேண்டாம்; மெமரியையும் பிராசசரையும் ஒரே நேரத்தில் மாற்றினால், குழப்பம் வரும்போது யார் காரணம் என்று பிரிக்க முடியாது.

விண்டோஸுக்குள் வந்து பத்து நிமிடம் எதையும் தொடாமல் விடுங்கள். பிறகு வாட் மீட்டரில் மொத்த வாட், எச்டபிள்யூஇன்ஃபோவில் சிபியூ பேக்கேஜ் பவர் (பிராசசர் மட்டும் இழுக்கும் வாட்), இரண்டையும் எழுதுங்கள். அடுத்து சினிபெஞ்சை 10 நிமிடம் ஓட்டி மதிப்பெண், உச்ச வெப்பநிலை, பேக்கேஜ் பவர் மூன்றையும் எழுதுங்கள். அறையின் வெப்பநிலையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இது இல்லாத எண்களை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

எச்டபிள்யூஇன்ஃபோவே ஒவ்வொரு முறை அளக்கும்போதும் கோர்களைத் தட்டி எழுப்பும். அதன் போலிங் இடைவெளியை 5,000 மில்லிசெகண்டுக்கு மாற்றுங்கள். ஆர்ஜிபி விளக்கு சாஃப்ட்வேர்கள் ஓடினால் மூடுங்கள். சும்மா நேர வாட் குறையாததற்கு இவை அடிக்கடி காரணம். ரைசனில் சும்மா இருக்கும்போதே 1.4 வோல்ட் காட்டுகிறதே என்று பலர் பதறுவார்கள். அளக்கும் நொடியில் விழித்த ஒரு கோர் காட்டும் எண் அது; தூங்கும் கோர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பார்க்க வேண்டியது எஃபெக்டிவ் கிளாக் (தூங்கிய நேரத்தையும் சேர்த்த சராசரி வேகம்), சி6 ரெசிடென்சி (சி6 என்ற ஆழ்ந்த தூக்கத்தில் இருந்த நேரத்தின் பங்கு) இரண்டும்தான். கோர்கள் பெரும்பகுதி நேரம் சி6-இல் இருந்தால் எஃபெக்டிவ் கிளாக் சில பத்து மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கும்.

ரைசன் 5 5600 மாதிரி சிப்லெட் பிராசசரில் (பல சில்லுகளைச் சேர்த்துக் கட்டியது) ஐஓ டை (மெமரியையும் வெளி இணைப்புகளையும் கவனிக்கும் சில்லு) தனியாக விழித்தே இருப்பதால் பேக்கேஜ் பவர் சும்மா நேரத்திலும் 20 வாட்டை ஒட்டி நிற்கும். இன்டெல் 12600கே பெரும்பாலும் அதைவிட நன்றாகவே கீழே இறங்கும். இரண்டையும் ஒப்பிட்டு மனம் வருந்த வேண்டியதில்லை.

மின்சேமிப்பு அமைப்புகள்

வேகத்தைத் தொடும் முன் இதை முடிக்க வேண்டும். பல போர்டுகளில் இவை ஆட்டோ என்று இருக்கும். நீங்கள் மல்டிபிளையரை மாற்றிய உடனே, ஆட்டோ என்பதற்கு அணை என்று போர்டே பொருள் எடுத்துக்கொள்வது உண்டு. ஆகவே ஒவ்வொன்றையும் எனேபிள்டு என்று கையால் வைக்க வேண்டும்.

இன்டெல்லில் ஸ்பீட்ஸ்டெப், ஸ்பீட் ஷிஃப்ட், சி1இ, சிபியூ சி-ஸ்டேட்ஸ் நான்கும் எனேபிள்டு. பேக்கேஜ் சி-ஸ்டேட் லிமிட் என்று இருந்தால் போர்டு தரும் ஆழமான நிலையைத் தேர்ந்தெடுங்கள்.

ஏஎம்டியில் குளோபல் சி-ஸ்டேட் கன்ட்ரோல், டிஎஃப் சி-ஸ்டேட்ஸ், சிபிபிசி, சிபிபிசி பிரிஃபர்டு கோர்ஸ் எல்லாம் எனேபிள்டு. பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்பதை லோ கரண்ட் ஐடில் என்று வையுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்களுக்கு இவ்வளவு குறைந்த கரண்டில் நிலையாக நிற்கத் தெரியாது. சும்மா இருக்கும்போது கம்ப்யூட்டர் உறைந்துபோனால் இதை டிபிக்கல் கரண்ட் ஐடில் ஆக்கிப் பாருங்கள். 2013-இல் இன்டெல் ஹாஸ்வெல் வந்தபோதும் இதே தகராறு இருந்தது. சி6, சி7 நிலைகளில் பிராசசர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு.

விண்டோஸில் பவர் பிளான் பேலன்ஸ்டு ஆக இருக்கட்டும். ஹை பெர்ஃபார்மன்ஸ் பிளான் மினிமம் பிராசசர் ஸ்டேட்டை 100 சதவீதத்தில் வைக்கும். பேலன்ஸ்டில் 5 போதும். வேகத்தில் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் வேகம் ஏறுவதை இப்போது பிராசசரே சில மில்லிசெகண்டில் முடிவு செய்கிறது.

இவ்வளவும் செய்தும் வாட் மீட்டர் இறங்கவில்லை என்றால் பிராசசரைக் குறை சொல்லும் முன் கிராஃபிக்ஸ் கார்டைப் பாருங்கள். ரெஃப்ரெஷ் ரேட் கூடிய மானிட்டர், அல்லது வெவ்வேறு ரெஃப்ரெஷ் ரேட்டில் இரண்டு மானிட்டர் மாட்டினால் சில கார்டுகள் மெமரி கிளாக்கை இறக்கவே இறக்காது.

ஏஎம்டி வழி

ரைசனில் எல்லாக் கோர்களையும் 4.6 என்று கையால் பூட்டுவது பழைய பாணி. அதைச் செய்தால் வோல்டேஜும் ஒரே எண்ணில் பூட்டிக்கொள்ளும், ஒற்றைக் கோர் பூஸ்ட்டும் போய்விடும். இப்போது பிபிஓ (பிராசசரின் மின் எல்லைகளை உயர்த்தும் வசதி) உண்டு, 5000 வரிசையில் இருந்து கர்வ் ஆப்டிமைசரும் (கோர்களின் வோல்டேஜ் அட்டவணையை நகர்த்தும் வசதி) இருக்கிறது. நமக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

5600-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் இயல்பான எல்லைகள் பிபிடி (மொத்த மின்சக்தி) 76 வாட், டிடிசி (நீடித்த கரண்ட்) 60 ஆம்பியர், இடிசி (நொடிநேர உச்சக் கரண்ட்) 90 ஆம்பியர். பிபிஓவை அட்வான்ஸ்டு ஆக்கி, எல்லைகளை மேனுவலில் 100, 70, 100 என்று கொடுங்கள். போர்டு லிமிட்ஸ் என்ற தேர்வை எடுக்காதீர்கள். போர்டு எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்க விடும், கூலர்தான் மாட்டிக்கொள்ளும். மேக்ஸ் பூஸ்ட் ஓவர்ரைடை முதலில் 100 மெகாஹெர்ட்ஸ். எல்லாம் தேறிய பிறகு 200 போட்டுப் பார்க்கலாம், அதுதான் மேல் எல்லை.

இப்போது கர்வ் ஆப்டிமைசர். நெகட்டிவ், ஆல் கோர், 10 என்று ஆரம்பியுங்கள். ஒரு எண் என்பது தோராயமாக 3 முதல் 5 மில்லிவோல்ட். வோல்டேஜ் குறையக் குறைய அதே வாட் எல்லைக்குள் பிராசசர் தானாகவே கூடுதல் வேகம் எடுக்கும். வேகம், சிக்கனம் இரண்டும் ஒரே திருகில் கிடைக்கும் ஒரே இடம் இது. 10 தேறினால் 15, பிறகு 20. 30 வரை அனுமதி உண்டு என்பதற்காக நேரே 30-க்குப் போகாதீர்கள்.

ரைசன் மாஸ்டரில் நட்சத்திரக் குறி போட்ட கோர்கள் சிறந்தவை. ஆனால் அவைதான் குறைவான நெகட்டிவ் எண்ணையே தாங்கும், ஏனென்றால் தொழிற்சாலையிலேயே அவற்றின் வோல்டேஜ் இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கும். ஒற்றைக் கோர் வேலைகளில் உச்ச வேகத்துக்கு ஏறுவதும் அவைதான். பெர் கோர் என்று மாற்றி, அந்த இரண்டுக்கும் 5 அல்லது 10, மற்றவற்றுக்கு 20 என்ற மாதிரி அமைவது வழக்கம்.

கடைசியாக எக்ஸ்எம்பியை ஏற்றி, எஸ்ஓசி வோல்டேஜை (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) கவனியுங்கள். ஆட்டோவில் விட்டால் சில போர்டுகள் 1.1 வோல்ட்டுக்கும் மேலே தூக்கிவிடும். டிடிஆர்4-3200 மெமரிக்குப் பெரும்பாலும் 1.0 முதல் 1.05 போதும். சும்மா நேரத்தில் சில வாட் மிச்சமாவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் எஸ்ஓசி பகுதி கோர்களைப் போலத் தூங்குவதில்லை.

இன்டெல் வழி

கோர் ஐ5-12600கே, இசட்690 என்று வைப்போம். பி-கோர்கள் (வேகமான பெரிய கோர்கள்) ஆறும் ஒன்றாக வேலை செய்யும்போது இயல்பு வேகம் 4.5, உச்ச டர்போ 4.9. பிஎல்1, பிஎல்2 (நீடித்த, குறுகிய நேர மின்சக்தி எல்லைகள்) இரண்டையும் முதலில் 150 வாட்டில் வையுங்கள். பல போர்டுகள் அங்கே 4095 என்று போட்டு வைத்திருக்கும், அதற்கு எல்லையே இல்லை என்று பொருள். பிறகு பி-கோர் ஆல் கோர் ரேஷியோவை (மல்டிபிளையர்தான்; 46 என்றால் 4.6 கிகாஹெர்ட்ஸ்) 46, 47 என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் 10 நிமிட சினிபெஞ்ச். இ-கோர்களை (சிக்கனமான சிறிய கோர்கள்) தொட வேண்டாம், அதில் வெக்கைதான் மிச்சம்.

வோல்டேஜில் மூன்று வழி. ஓவர்ரைடு அல்லது மேனுவல் என்பது ஒரே எண்ணில் பூட்டும். சி6 ஓடினால் தூங்கும் கோர் தப்பிக்கும், விழித்திருக்கும் கோர் மெதுவான வேலைக்கும் முழு வோல்டேஜ் வாங்கும். நமக்கு அது வேண்டாம். அடாப்டிவ் என்பது நீங்கள் கொடுக்கும் எண்ணை டர்போ வேகத்துக்கு மட்டும் பயன்படுத்தி, கீழ் வேகங்களில் பிராசசரின் சொந்த அட்டவணைப்படி இறங்கும். ஆஃப்செட் என்பது அந்த அட்டவணை முழுவதையும் மேலேயோ கீழேயோ நகர்த்தும்.

அடாப்டிவில் புதியவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. உச்ச டர்போவுக்கு உட்பட்ட வேகத்தில், அட்டவணையைவிடக் குறைவான எண்ணைக் கொடுத்தால் பிராசசர் அதை மதிக்காது. 4.8-க்கு 1.22 வோல்ட் என்று எழுதியும் 1.29 ஓடுகிறது என்றால் போர்டு கெட்டுப்போகவில்லை. குறைக்க வேண்டுமானால் ஆஃப்செட்டை மைனஸில் கொடுக்க வேண்டும்: 0.030 வோல்ட்டில் ஆரம்பித்து 0.010 வீதம். ஆனால் மைனஸ் ஆஃப்செட் கீழ் வேகத்து வோல்டேஜையும் சேர்த்து வெட்டும் என்பதை மறக்காதீர்கள். முழு வேலையில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்ற கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது விழுவது இதனால்தான். புதிய போர்டுகளில் விஎஃப் பாயின்ட் என்று வேகவாரியாக ஆஃப்செட் கொடுக்க வசதி உண்டு. மேல் புள்ளிகளை மட்டும் குறைத்தால் இந்தச் சிக்கல் குறையும்.

எல்எல்சியை (லோட்-லைன் கேலிபிரேஷன், வோல்டேஜ் தொய்வைத் திருத்தும் அமைப்பு) நடு அளவில் வையுங்கள். வேலை ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் தொய்வது இயல்பு. அதை முழுக்க நிமிர்த்தப் பார்த்தால், வேலை சட்டென்று நிற்கும் நொடியில் வோல்டேஜ் மேலே துள்ளும். அசுஸ் போர்டில் எண் பெரிதானால் இறுக்கம் கூடும். எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் 1 என்பதே மிக இறுக்கம். ஒரு போர்டின் எண்ணை இன்னொரு போர்டில் அப்படியே எழுதிப் பலர் மாட்டியிருக்கிறார்கள்.

சோதனை: மூன்று விதம்

சினிபெஞ்ச் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது, எல்லாம் சரி என்று எழுந்து போகாதீர்கள். முழு வேலையில் எல்லாக் கோர்களும் நடுத்தர வேகத்தில் இருக்கும். பிழை ஒளிந்திருப்பது பெரும்பாலும் வேறு இடத்தில்.

முதலாவது முழு வேலைச் சோதனை: சினிபெஞ்ச் 30 நிமிடம், பிறகு ஓசிசிடி ஒரு மணி நேரம். உச்ச வெப்பநிலை 85-ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது.

இரண்டாவது ஒற்றைக் கோர் சோதனை. கோர்சைக்கிளர் ஒவ்வொரு கோராக எடுத்து, பிரைம்95-ஐ அதில் மட்டும் ஓட்டும். ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்கு ஏறுவதால் கர்வ் ஆப்டிமைசர் பிழை இங்கேதான் வெளியே வரும். இரவு படுக்கும்போது போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். எந்தக் கோரில் பிழை என்று எண்ணோடு சொல்லும். அந்தக் கோருக்கு மட்டும் நெகட்டிவ் எண்ணில் 3 அல்லது 5 குறையுங்கள்.

மூன்றாவது சும்மா விடும் சோதனை. பலர் தவிர்ப்பதும் இதைத்தான். ஸ்லீப்பை அணைத்துவிட்டு எட்டு மணி நேரம் தொடாமல் விடுங்கள். பிறகு ஸ்லீப் போட்டு எழுப்புவதைப் பத்து முறை செய்யுங்கள். யூடியூப் ஓடவிட்டு அரை மணி நேரம் பக்கங்களைத் திறந்து மூடுங்கள். தூக்கத்தில் இருந்து விழிப்புக்கும், விழிப்பில் இருந்து உச்ச வேகத்துக்கும் தாவும் கணங்களைத்தான் இங்கே சோதிக்கிறோம்.

ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து டபிள்யூஎச்இஏ-லாகர் (ஹார்டுவேர் பிழைப் பதிவு) என்று தேடுங்கள். ஒன்று இருந்தாலும் அமைப்பு தேறவில்லை என்று அர்த்தம், திரையில் ஒன்றும் நடக்கவில்லை என்றாலும்.

விழுந்தால் எதைப் பார்ப்பது

முழு வேலையில் நீலத்திரை வந்தால் வோல்டேஜ் போதவில்லை; 0.010 ஏற்றுங்கள் அல்லது ஒரு ரேஷியோ இறங்குங்கள். இறங்குவதே மேல். நீலத்திரை இல்லாமல் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகி, டபிள்யூஎச்இஏ-லாகரில் ஈவென்ட் 18 பதிவாகியிருந்தால் கர்வ் எண்ணோ மைனஸ் ஆஃப்செட்டோ அதிகம். சி-ஸ்டேட்டை அணைத்தால் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். பல நேரம் நிற்கவும் செய்யும். அது நோயை விட்டுவிட்டு அறிகுறியை மூடுவது, மின்சிக்கனமும் போய்விடும். வெப்பம் மேலே தொட்டு வேகம் இறங்கிக்கொண்டே இருந்தால் வோல்டேஜை ஏற்றினால் மதிப்பெண் குறையத்தான் செய்யும்.

கெர்னல்-பவர் 41 (கம்ப்யூட்டர் முறையாக மூடாமல் நின்றது என்ற பதிவு) மட்டும் இருந்து, டபிள்யூஎச்இஏ எதுவும் இல்லை, அதே நேரத்தில் வீட்டு லைட்டும் மினுக்கியது என்றால் யூபிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தரும், அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்போது. தவிர, சைன் அலை தராத யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும் நொடியில் ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் சில நேரம் அணைந்துவிடும். ரெண்டர் ஓடும்போது யூபிஎஸ் பிளக்கை உருவிப் பார்த்து இதைத் தனியாகவே சோதித்துவிடலாம். முக்கிய வேலை எதுவும் திறந்திருக்கக் கூடாது.

திரையே வரவில்லை என்றால் பிளக்கை உருவி, போர்டில் இருக்கும் 2032 பட்டன் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள், அல்லது கிளியர் சிமோஸ் ஜம்பரின் இரண்டு ஊசிகளையும் சில நொடி ஒன்றோடொன்று இணையுங்கள். டீஃபால்ட்டுக்குத் திரும்பிவிடும்.

வெயில், காற்று, உப்பு

மார்கழியில் 26 டிகிரி அறையில் தேறிய அமைப்பு கத்திரி வெயிலில் தேறும் என்று நம்பாதீர்கள். அறை 10 டிகிரி ஏறினால் பிராசசரும் கிட்டத்தட்ட அதே 10 டிகிரி ஏறும். அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் ஆனி ஆடிச் சாரலில் சோதித்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை. குளிர்ந்த மாதத்தில் சோதித்தால் உச்ச வெப்பநிலை 75-க்குள் நிற்கும்படி வாட் எல்லையை இறக்கி வையுங்கள். 12600கே-யில் 125, 5600-இல் 88 என்று.

வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் என்று காற்றாலை சுற்றும் ஊர்களில் காற்றுக் காலம் முழுக்க மண் பறக்கும். கேபினெட்டின் முன் ஃபில்டரை அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். உவரி, கூடங்குளம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் மெமரியின் தங்கப்பூச்சு முனைகள் மங்கும். ஓவர்கிளாக் பிழை என்று நினைத்தது பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டியதும் போய்விடலாம். தெர்மல் பேஸ்ட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

எல்லாம் தேறியதும் அமைப்பை பயாஸில் புரொஃபைலாகச் சேமியுங்கள். பயாஸைப் புதுப்பித்தால் அந்தப் புரொஃபைல் பெரும்பாலும் அழிந்துவிடும், அழியாவிட்டாலும் புதிய பதிப்பில் சரியாக ஏறாது. ஆகவே ரேஷியோ, வோல்டேஜ் முறை, ஆஃப்செட், கர்வ் எண்கள், எல்எல்சி, வாட் எல்லை, சோதித்த நாளின் அறை வெப்பநிலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி கேபினெட் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.